படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு

டெய்லரம்மா: கையை எடுங்க.

மீட்டர்காரர்: நான் எங்க தொட்டேன்?

டெய்லரம்மா: தொடப் போனீங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கண்ணை மூடியிருந்தா தூங்கிட்டேன்னு அர்த்தமா?

மீட்டர்காரர்: முகத்தைச் சுளிச்சியே... அதான் ஒரு அழுத்து அழுத்தலாம்னு...

டெய்லரம்மா: இந்த வலி மருந்துப் பட்டன் என்னோடது. வயிறும் என்னோடது. வலிச்சா நான்தான் அழுத்தணும், வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நேத்து நர்ஸ் அந்தக் கத்து கத்தினாங்களே, காதுல விழலையா?

மீட்டர்காரர்: விழுந்துது. வார்டுக்கே விழுந்துது.

டெய்லரம்மா: அப்புறமும் திருட்டுத்தனமா கையை நீட்டறீங்க. தூங்கறவங்களுக்கு, கூட இருக்கறவங்க பாசத்துல அழுத்தி அழுத்தி மூச்சே நின்னிருக்காம். பொண்டாட்டியைக் கொல்லணும்னா வேற வழி பாருங்க.

மீட்டர்காரர்: ஏய்... என்ன பேச்சு இது.

டெய்லரம்மா: சும்மா சொன்னேன். முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கறீங்க? வயித்துல வெட்டு எனக்கு. முகம் போனது உங்களுக்கு.

மீட்டர்காரர்: சரி, நீயே அழுத்து. எனக்குப் பாக்க முடியல.

டெய்லரம்மா: அழுத்தியாச்சு. இப்ப பூட்டிக்கிச்சு. ஒரு தடவை மருந்து இறங்கினா அடுத்த எட்டு நிமிஷத்துக்கு நான் என்ன குத்து குத்தினாலும் ஒரு சொட்டு வராது. அதிகமா போயிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.

மீட்டர்காரர்: இன்னும் எத்தனை நிமிஷம்?

டெய்லரம்மா: அஞ்சு இருக்கும். எதையாவது பேசுங்க, ஓடிடும்.

மீட்டர்காரர்: என்ன பேச?

டெய்லரம்மா: முப்பத்தோரு வருஷமா இதையே கேக்கறீங்க. டீச்சரைப் பாத்தீங்களா?

மீட்டர்காரர்: பக்கத்துக் கட்டில்ல ஆளைக் காணோமே. எங்க போனாங்க?

டெய்லரம்மா: நடக்கப் போயிருக்காங்க. மூணாம் நாளே! முதுகுல ட்யூப், அந்த ட்யூப்புக்கு ஒரு மிஷின், மிஷினுக்கு ஒரு ஸ்டாண்டு. எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு அவங்க பொண்ணு பின்னாடியே போகுது. ஊர்வலம் மாதிரி இருந்துச்சு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. சிரிச்சதும் வயித்துல... ஐயோ. அதுக்குத்தான் பட்டனை அழுத்தினேன்.

மீட்டர்காரர்: அவங்களுக்கு வலி இல்லையா?

டெய்லரம்மா: படுத்திருந்தா சுத்தமா இல்லையாம். முதுகு வழியா மருந்து நிக்காம போய்க்கிட்டே இருக்குல்ல. அவங்களுக்கு வலி வாசலோட நின்னுடுது. எனக்கு அப்படியில்ல. அது உள்ள வந்து, சாவகாசமா உக்காந்து, அப்புறம் நான் பட்டனை அழுத்தி, அது எழுந்திரிச்சுப் போகணும்.

மீட்டர்காரர்: அப்ப நமக்கும் அதையே கேட்டிருக்கலாம். நான் போய் டாக்டர்கிட்ட...

டெய்லரம்மா: உக்காருங்க. உடனே கிளம்பிடுவீங்க. அவங்களுக்கும் தொல்லை இருக்கு. ஒரு காலு மரத்துப் போயிடுதாம். உடம்பெல்லாம் அரிப்பு. நேத்து எழுந்து உக்காந்ததும் பிரஷர் இறங்கிக் கண்ணைக் கட்டிடுச்சு. எனக்கு அதெல்லாம் இல்ல. தலை கிறுகிறுங்குது, குமட்டுது, கனவுல யார் யாரோ வந்து அளவெடுக்கச் சொல்றாங்க. அவ்வளவுதான். ரெண்டுல எது மேல்னுதானே அந்த நோட்டு நர்ஸ் அலைஞ்சுக்கிட்டிருக்காங்க.

மீட்டர்காரர்: ம்.

டெய்லரம்மா: உறையைப் பிரிச்சாங்களே, நீங்க பாக்கல. ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆராய்ச்சிக்குன்னு எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, ஆளுக்கொரு உறை. யாருக்கு எது வருதோ அதுதான். ஒரே டாக்டர், இரைப்பையில ஒரே மாதிரிக் கட்டி, ஒரே ஆபரேஷன். முப்பது பேருக்கு முதுகு, முப்பது பேருக்குப் பட்டன். அவங்க உறையில முதுகு இருந்துச்சு, என்னோடதுல பட்டன். டீச்சர் என்னைப் பாத்துப் பாவப்பட்டாங்க. நான் அவங்களைப் பாத்துப் பாவப்பட்டேன்.

மீட்டர்காரர்: சரி, அதிகம் பேசாதே. தண்ணி குடிக்கிறியா?

டெய்லரம்மா: அதையும் கேக்கணும்னு இருந்தேன்.

மீட்டர்காரர்: எதை?

டெய்லரம்மா: தண்ணியை. டீச்சருக்கு இன்னும் ஒரு வாய் தண்ணி கிடையாது. மூக்குல ட்யூப். உதட்டைப் பஞ்சுல நனைச்சு விடறாங்க. எனக்கு நேத்தே பால் குடுத்துட்டாங்க.

மீட்டர்காரர்: உனக்குச் சீக்கிரம் ஆறுது. உடம்பு வாகு.

டெய்லரம்மா: இவ்வளவு நல்ல உடம்பு வாகை வெச்சுக்கிட்டு நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்?

மீட்டர்காரர்: கேள்வி கேட்டே சாகடிக்காதே. பால் குடுத்தா குடிக்கணும். அவ்வளவுதான்.

டெய்லரம்மா: சரி. இன்னொண்ணு.

மீட்டர்காரர்: எட்டு நிமிஷம் ஆகலையா இன்னும்?

டெய்லரம்மா: ஆச்சு. அழுத்திட்டேன். கவனிக்கலையா? கரண்ட் ரீடிங் எடுக்கறவருக்கு இது கூடக் கண்ணுல படல... இன்னொண்ணு என்னன்னா, நோட்டு நர்ஸ் என்கிட்ட நம்பர் கேக்கறதில்ல.

மீட்டர்காரர்: எந்த நம்பர்?

டெய்லரம்மா: வலி நம்பர்ங்க. வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு. ஆபரேஷன் ஆன அன்னைக்குச் சாயங்காலம் வந்து கேட்டாங்க. மயக்கத்துல என்னமோ சொன்னேன். அப்புறம் நேத்து மூணு வேளையும் கேக்கல. இன்னைக்குக் காலையில டீச்சர்கிட்ட கேட்டு எழுதினாங்க, என் கட்டிலைத் தாண்டி நேரா ஆறாம் நம்பர் அக்காகிட்ட போயிட்டாங்க.

மீட்டர்காரர்: மறந்திருப்பாங்க.

டெய்லரம்மா: நாலு வேளையா?

மீட்டர்காரர்: வார்டு நர்ஸுங்கதான் வந்து வந்து கேக்கறாங்களே, வலி எப்படி இருக்குன்னு. அது போதும்னு விட்டிருப்பாங்க.

டெய்லரம்மா: அது எல்லாரையும் கேக்கறது. நான் சொல்றது இவங்க நோட்டை.

மீட்டர்காரர்: உன்னோடது பட்டன் இல்ல? எத்தனை தடவை அழுத்தினேன்னு மிஷினே எழுதிக்கும். கேட்டு என்ன ஆகப் போகுது?

டெய்லரம்மா: ஆறாம் நம்பர் அக்காவுக்கும் பட்டன்தான்.

மீட்டர்காரர்: தலைகாணி சரியா இருக்கா? நகர்த்தட்டுமா?

டெய்லரம்மா: என் கட்டில் வந்ததும் அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்குதுங்க. செருப்பைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போகுது. துணியைக் கெடுத்துட்டா நான் கஸ்டமர் முகத்தைப் பாக்க மாட்டேனே, அந்த மாதிரி.

மீட்டர்காரர்: உனக்கு எல்லாத்துலயும் ஒரு கதை.

டெய்லரம்மா: அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. எங்க வீட்டம்மா நோட்டுல இருக்காங்களா இல்லையான்னு.

மீட்டர்காரர்: இப்பவேவா?

டெய்லரம்மா: இப்பதான் கிளம்பக் காலு துடிச்சுதே. போங்க. அப்படியே கடைக்கு ஒரு போன் பண்ணுங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் பதினாறு செட் வெட்டி வெச்சுட்டு வந்திருக்கேன். வேற யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்லுங்க.

மீட்டர்காரர்: எதுக்குக் குடுக்கணும்? ரெண்டு வாரத்துல எழுந்து உக்காந்துடுவே. நீயே தெச்சுக்கலாம்.

டெய்லரம்மா: பசங்களுக்கு ஸ்கூல் திறந்துடும்ங்க. அம்மணமாவா போகும்? சொன்னதைச் செய்யுங்க.

மீட்டர்காரர்: குடுக்க மாட்டேன். அந்த மிஷின்ல நீதான் உக்காரணும்.

டெய்லரம்மா: சரி... சரி. குடுக்க வேண்டாம். போய் நர்ஸைப் பாருங்க.

*

மீட்டர்காரர்: சிஸ்டர், ஒரு நிமிஷம்.

நர்ஸ்: சொல்லுங்கய்யா. டெய்லரம்மாவுக்கு என்ன, வாந்தியா?

மீட்டர்காரர்: இல்ல. நல்லாத்தான் பேசறா. அதிகமாவே பேசறா. கொஞ்சம் இப்படி ஓரமா வரீங்களா? கதவு திறந்திருக்கு, அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை.

நர்ஸ்: வந்துட்டேன். சொல்லுங்க.

மீட்டர்காரர்: அவகிட்ட நீங்க நம்பர் கேக்கறதில்லன்னு கண்டுபிடிச்சுட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறீங்களாம். அதையும் சொல்றா.

நர்ஸ்: ஐயா, நான் வேணும்னு பண்ணல. இந்த ஆராய்ச்சி கட்டியோட இரைப்பையை எடுத்தவங்களுக்கு. அம்மாவுக்கு... எடுக்கலையே. ஆபரேஷன் நடக்கலைன்னா அவங்க பேரை எடுத்துடணும்னு விதி இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் எனக்கே விஷயம் தெரியாம போய்க் கேட்டுட்டேன். மறுநாள் பேரை அடிச்சுட்டாங்க.

மீட்டர்காரர்: எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நர்ஸ்: இன்னும் சொல்லலையா?

மீட்டர்காரர்: எப்படிச் சொல்றது... ஆறு மணி நேரம் ஆகும்னார் டாக்டர். நான் கீழ போய் ஒரு டீ வாங்கிட்டு வந்து உக்காந்தேன். டீ குடிச்சு முடிக்கல. கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வரார். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா சிஸ்டர்? அடடா, என்ன வேகமான கைடான்னு எழுந்து ஓடினேன். சிரிச்சுக்கிட்டே போனேன் அவர்கிட்ட.

நர்ஸ்: ஐயா...

மீட்டர்காரர்: பரவிடுச்சுன்னார். உள்ள எல்லா இடத்துலயும். தொட்டா இன்னும் கெடுதல், அதனால மூடிட்டோம்னார். நான் அப்பவும் சிரிச்ச வாயோட நிக்கறேன்.

நர்ஸ்: உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காருங்க.

மீட்டர்காரர்: வேண்டாம். உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன்... சிஸ்டர், ஒரு உதவி. நீங்க போய் அவகிட்ட சும்மா ஒரு தடவை கேளுங்க. படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு. எழுதற மாதிரி எழுதிக்கோங்க. போதும்.

நர்ஸ்: வலியை நாங்க விட்டுடலய்யா. வார்டுல நாலு மணி நேரத்துக்கொரு தடவை கேட்டு சார்ட்ல எழுதறாங்க. காலையில குமட்டலுக்கு மருந்து மாத்தினோம்.

மீட்டர்காரர்: அது தெரியும். அவளுக்கு உங்க நோட்டுதான் கணக்கு. உறையைப் பிரிச்ச அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? "பாருங்க, எட்டாங்கிளாஸோட படிப்பை விட்டவ. என் வலி இப்ப டாக்டருங்க படிக்கற புஸ்தகத்துல வரப் போகுது"ன்னு. அதுல இருந்து அவளை எடுத்துட்டீங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

நர்ஸ்: பொய்யா எழுத முடியாதுங்கய்யா. எழுதாம கேட்டா அம்மா கவனிச்சுடுவாங்க.

மீட்டர்காரர்: ஒரே ஒரு நம்பர். இருபத்தெட்டு வருஷம் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். பூட்டின வீடு எத்தனை பாத்திருப்பேன்! போன தடவை எவ்வளவோ அதையே உத்தேசமா எழுதிட்டுப் போயிருக்கேன். யாரும் செத்துடல.

நர்ஸ்: இங்க சாவாங்கய்யா... மன்னிச்சுடுங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த நம்பரை வெச்சுத்தான் நாளைக்கு வேற ஒருத்தருக்கு எது குடுக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க. அதனால...

மீட்டர்காரர்: இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் புத்தி கெட்டுப் போய்...

நர்ஸ்: நீங்களே அவங்ககிட்ட சொல்லிடலாமே. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா கூட நல்லதுதான்.

மீட்டர்காரர்: முதல்ல பாத்த டாக்டர் கத்தி வேண்டாம்னார். ரெண்டாவது டாக்டரும் யோசிக்கணும்னார். நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். இங்க இழுத்துட்டு வந்தேன். எடுத்துட்டா சரியாயிடும், எடுத்துட்டா சரியாயிடும்னு அவ காதுலயே ஓதினேன். அவ ஒண்ணும் சொல்லாம வந்து படுத்தா. இப்ப போய், "உன் வயித்தை அநியாயமா வெட்டிட்டாங்கம்மா, ஒண்ணும் எடுக்கல"ன்னு சொல்லணுமா? கத்திக்குக் கொண்டு வந்து குடுத்தது நான் சிஸ்டர்.

நர்ஸ்: அம்மாவே...

மீட்டர்காரர்: அம்மாவே என்ன?

நர்ஸ்: ஒண்ணுமில்ல.

மீட்டர்காரர்: என்னமோ சொல்ல வந்தீங்க.

நர்ஸ்: ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் எனக்கில்லங்கய்யா. விடுங்க... கொஞ்சம் இருங்க. இந்தாங்க.

மீட்டர்காரர்: என்ன இது?

நர்ஸ்: நாங்க எழுதற அதே தாள்தான். வெறும் தாள். மேல நம்பர் ஒட்டல. எங்க நோட்டுல இது சேராது. நீங்களே அவங்களைக் கேட்டு எழுதுங்க. எழுதி நீங்களே வெச்சுக்கோங்க.

மீட்டர்காரர்: நானா? நம்புவாளா?

நர்ஸ்: அது எனக்குத் தெரியாது. இருமச் சொல்லும்போது மட்டும் ஒரு தலைகாணியை வயித்தோட சேர்த்து அணைச்சுக்கச் சொல்லுங்க. தையல்ல இழுக்காது.

*

மீட்டர்காரர்: இந்தா, வந்துட்டேன். நீ என்னமோ கதை கட்டினியே. அவங்களுக்குக் கை நிறைய வேலை. உன்னோடதை என்னையே கேட்டு எழுதித் தரச் சொல்லிட்டாங்க. தாள் கூடக் குடுத்துட்டாங்க, பாரு.

டெய்லரம்மா: உங்களையா?

மீட்டர்காரர்: என்னைத்தான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்னு சொன்னேன்.

டெய்லரம்மா: அப்ப டார்ச்சு எங்க? மீட்டர் இருட்டுல இருந்தா எப்படிப் பாப்பீங்க?

மீட்டர்காரர்: கிண்டல் பண்ணாதே. முதல் கேள்வி. படுத்திருக்கும்போது வலி எவ்வளவு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லு.

டெய்லரம்மா: மூணு.

மீட்டர்காரர்: மூணு... எழுதியாச்சு. இப்ப இருமணும். இரு, இரு. தலைகாணியைப் பிடி. வயித்தோட அணைச்சுக்கோ. இன்னும் இறுக்கி. ஆங்.

டெய்லரம்மா: ஹ்ம்... ஹ்க்... அம்மா...

மீட்டர்காரர்: போதும், போதும். மூச்சு விடு. எவ்வளவு?

டெய்லரம்மா: ஏழு.

மீட்டர்காரர்: ஏழா! அஞ்சுன்னு போடட்டுமா?

டெய்லரம்மா: ஏங்க, எத்தனை பேர் ரீடிங்கைக் குறைக்கச் சொல்லி உங்க காலைப் பிடிச்சிருப்பாங்க? யாருக்காவது ஒரு யூனிட் குறைச்சீங்களா? நாய் துரத்தினப்ப கூட சுவர் மேல ஏறி நின்னு எழுதினவர். எனக்கு மட்டும் என்ன சலுகை?

மீட்டர்காரர்: சரி தாயே, ஏழு. அடுத்தது. குமட்டல்?

டெய்லரம்மா: கொஞ்சம்.

மீட்டர்காரர்: அரிப்பு இல்ல. தூக்கம்?

டெய்லரம்மா: வருது. கனவுதான் வேண்டாம்னு இருக்கு.

மீட்டர்காரர்: கனவுக்கு இதுல இடமில்ல. வலிக்கு இப்படி மருந்து எடுத்துக்கறதுல உங்களுக்குத் திருப்தியா?

டெய்லரம்மா: திருப்தி. நல்லா எழுதுங்க. கை அழுத்தினா வலி போகுது. இதை விட என்ன வேணும்?

மீட்டர்காரர்: எழுதிட்டேன்... அவ்வளவுதான்.

டெய்லரம்மா: அவ்வளவுதானா? கீழ இன்னும் ஒரு வரி இருக்கே. இங்கிருந்தே தெரியுது.

மீட்டர்காரர்: அது ஒண்ணுமில்ல. கையெழுத்துக்கு.

டெய்லரம்மா: கையெழுத்துக்கு எதுக்குக் கேள்விக்குறி? படிங்க.

மீட்டர்காரர்: கண்ணாடி கொண்டு வரல.

டெய்லரம்மா: மூக்கு மேலதான் இருக்கு. தாளைக் குடுங்க... குடுங்கன்னா... "மறுபடி இதே போல் ஓர் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், இதே முறையைக் கேட்பீர்களா?"

மீட்டர்காரர்: எல்லாரையும் கேக்கறதுதான். அச்சடிச்சது. அதுக்கு ஒண்ணும் அர்த்தமில்ல. குடு இப்படி.

டெய்லரம்மா: இருங்க. பென்சிலையும் குடுங்க.

மீட்டர்காரர்: எதுக்கு?

டெய்லரம்மா: இந்தப் பக்கம் காலியா இருக்கு. இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. படுத்திருக்கும்போது எவ்வளவு?

மீட்டர்காரர்: எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.

டெய்லரம்மா: வெளிய பெஞ்சுல படுக்கறீங்களே, அப்ப எவ்வளவுன்னு கேக்கறேன். பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள.

மீட்டர்காரர்: விளையாடாதே.

டெய்லரம்மா: ரெண்டு நாளா கண்ணு சிவந்து வந்து நிக்கறீங்க. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தையல் வெளிய தெரியுது. என் புருஷன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. சொல்லுங்க, எவ்வளவு?

மீட்டர்காரர்: ...பத்து.

டெய்லரம்மா: ம். பத்து. என்கிட்ட வந்து இப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசும்போது?

மீட்டர்காரர்: அதுக்கு மேல நம்பர் இல்லையே...

டெய்லரம்மா: இல்லதான். சரி, இப்ப சொல்லுங்க.

மீட்டர்காரர்: என்ன சொல்ல?

டெய்லரம்மா: அந்த நம்பரை ஏத்தி வெச்சிருக்கே, அதை. சொன்னா குறையும். இந்தாங்க, தலைகாணி வேணும்னா நீங்க அணைச்சுக்கோங்க.

மீட்டர்காரர்: திறந்தாங்கம்மா...

டெய்லரம்மா: ம்.

மீட்டர்காரர்: திறந்து பாத்தாங்க. பாத்துட்டு... மூடிட்டாங்க.

டெய்லரம்மா: ம்.

மீட்டர்காரர்: ஒண்ணும் எடுக்கல. எடுக்க முடியாதாம். எல்லா இடத்துலயும்... அதனாலதான் உன் பேரையும் நோட்டுல இருந்து... எல்லாம் என்னாலதான். நான்தான் உன்னைக் கத்திக்குக் கொண்டு வந்து குடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு டாக்டர் சொன்னாங்க. கேட்டேனா?

டெய்லரம்மா: மெதுவா. டீச்சர் வந்துடப் போறாங்க.

மீட்டர்காரர்: திட்டேன். என்னைத் திட்டிடு. "ம்"னு சொல்லிக்கிட்டுக் கிடக்காதே.

டெய்லரம்மா: நான் தையல்காரிங்க. உள்ள ஒண்ணை எடுத்துட்டுத் தெச்சதுக்கும், பிரிச்சுப் பாத்துட்டு அப்படியே மூடித் தெச்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? முழிச்சதும் சுவர்ல கடிகாரம் இருந்துச்சு. ஒன்பது மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பத்தரை கூட ஆகல.

மீட்டர்காரர்: அப்ப... முழிச்சதுமே தெரியுமா? மூணு நாளா தெரிஞ்சு வெச்சுக்கிட்டேவா, உன்னை நம்பர் கேக்கலன்னு என்னோட சண்டை போட்டே?

டெய்லரம்மா: நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். எத்தனை தடவை வாசலைத் திறந்து வெச்சேன்! தண்ணியைக் கேட்டேன், யூனிஃபார்மைக் கேட்டேன். நீங்க ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டே வந்தீங்க.

மீட்டர்காரர்: முழிச்சதும் கடிகாரத்தைப் பாத்து நீ எப்படி... தனியா... ஐயோ.

டெய்லரம்மா: முழிச்சப்ப தெரிஞ்சுக்கிட்டதுன்னு ஒண்ணும் இல்லங்க.

மீட்டர்காரர்: அப்புறம்? நர்ஸ் சொன்னாங்களா?

டெய்லரம்மா: அவங்க வாயே திறக்கல, பாவம். டாக்டர் சொல்லும்போது பக்கத்துல நின்னாங்க. அவ்வளவுதான்.

மீட்டர்காரர்: டாக்டர் எப்ப சொன்னார்? நான் இங்கயேதானே இருக்கேன்?

டெய்லரம்மா: முந்தின நாள். ஊசி, பஞ்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்களே, நீங்க கீழ வரிசையில நின்னீங்க. அப்ப வந்து கட்டில்ல உக்காந்தார். புது ஸ்கேன்ல பரவின மாதிரி தெரியுதும்மா, திறந்தாலும் பாத்துட்டு மூட வேண்டியதாத்தான் இருக்கும், எடுக்க முடியும்னு சொல்றதுக்குப் பத்துல ஒரு பங்கு கூட இல்ல, வேண்டாம்னா இப்பவே வீட்டுக்குப் போகலாம்னார். யோசிச்சுச் சொல்லுங்கன்னார். நான் அப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் அவரைக் கேட்டுக்கிட்டேன்.

மீட்டர்காரர்: தெரிஞ்சேவா? தெரிஞ்சே எதுக்குடி போய்ப் படுத்தே?

டெய்லரம்மா: படுக்காம உங்ககூட வீட்டுக்கு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் போனதுக்கப்புறம், அன்னைக்கே திறந்து பாத்திருக்கலாமே, பாத்திருக்கலாமேன்னு தனியா அந்த வீட்டுல உக்காந்து புலம்பிப் புலம்பி நீங்க ஒரு வாய் சாப்பிட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? இப்ப திறந்து பாத்தாச்சு. ஒண்ணும் பண்ண முடியலன்னு டாக்டரே உங்ககிட்ட சொல்லியாச்சு. அதுக்கு மேல நீங்க உங்களையே கேட்டுக்கறதுக்கு ஒரு கேள்வி பாக்கி இல்ல. எனக்கு நாலு நாள் வலி. அதுக்கு இங்க முதுகு வழியா, கை வழியா எத்தனையோ வெச்சிருக்காங்க. உங்களுக்குக் குடுக்க என்கிட்ட இந்த ஒரு மருந்துதாங்க இருந்துச்சு.